போகும் முன் சொல்லிவிடுங்கள்

அன்புள்ள பாலவாக்கம் கடற்கரை நடைக்குழு நண்பர்களுக்கு,

கென்யா போவது என்று முடிவாகிவிட்டது. மசாய் மாராவில் சிங்கத்தையும் யானையையும் அவற்றின் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்ற பேச்சு தொடங்கியதிலிருந்து நம் காலை நடையும் நீண்டுகொண்டே போகிறது. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எந்த மாதிரித் தொப்பி என்று எல்லாவற்றையும் பேசிவிட்டோம். பேசாமல் விட்டவற்றைப் பற்றித்தான் இந்த மடல். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை ஈ.சி.ஆர். நெடுக நம்மைப் போல நாலு பேர் சேர்ந்து தூர தேசம் போகத் திட்டமிடும் குழுக்கள் இப்போது நிறைய. அவர்களுக்கும் உதவட்டும் என்றே இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

அடையாறில் ஒரு மருந்துக்கடையில் பல வருடம் மருந்தாளுநராக இருந்தவள் நான். வெளிநாடு கிளம்பும் முன் கடைக்கு வருகிறவர்கள் கூட வருகிறவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் மருந்து கேட்பார்கள். சர்க்கரைக்கு, படபடப்புக்கு, தூக்கத்துக்கு, சிறுநீர்க் கடுப்புக்கு. பத்து வருடம் சேர்ந்து நடந்த தோழியிடம்கூடச் சொல்லாத நோய் ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது. பாலவாக்கத்தில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. மயக்கம் வந்தால் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி போய்விடலாம். மாராவின் புல்வெளி நடுவில் ஜீப்பில் உட்கார்ந்திருக்கும்போது மயக்கம் வந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருப்பதுதான் முதல் வைத்தியம். அதனால் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறேன். உடம்பு, பணம், பயம், பெயர் என எதை மறைத்து வைத்திருந்தாலும் கிளம்பும் முன் குழுவில் சொல்லிவிடுங்கள்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் சிலர் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எழுதினோம், சிலர் எல்லாவற்றையும் முதல் கட்டத்திலேயே எழுதி அடுத்ததைக் காலியாக விட்டோம். கல்யாணமான பெண்கள் சிலருக்கு ஆதாரில் கணவர் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், பான் அட்டையில் வெறும் இனிஷியல். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தபோது அதிகம் கலங்கியவர்களில் நம் ஊர்க்காரர்கள் உண்டு. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. சென்னையிலிருந்து நைரோபிக்கு மும்பை வழியாகவும் போகலாம், துபாய், தோஹா, அடிஸ் அபாபா வழியாகவும் போகலாம். எந்த வழியில் போனாலும் டிக்கெட்டில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அதனால் டிக்கெட் போடும் முன் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடி இருக்கிறதா, வெற்றுப் பக்கம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். மாற்ற வேண்டியவர்கள் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா மையத்துக்குப் போகலாம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கலுக்கு ஓடினால் அதற்கு மேல் 2,000.

கென்யாவுக்கு இப்போது விசா இல்லை. 2024 ஜனவரியிலிருந்து அதற்குப் பதில் இணையத்தில் வாங்கும் மின்னணுப் பயண அனுமதி வந்துவிட்டது. விமான டிக்கெட்டும் தங்கும் இடத்தின் பதிவும் கையில் இருந்தால் சுலபமாக வாங்கிவிடலாம். இதில் நாம் சிக்கிக்கொள்ள மாட்டோம்.

சிக்க வாய்ப்புள்ள இடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது கொசு பரப்பும் வைரஸ் நோய், ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு, இந்தியாவில் இல்லை. கென்யா இந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து நேராகப் போகிறவர்களிடம் கென்யா இதில் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. கெடுபிடி நம் நாட்டில்தான். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் விமான நிலையத்திலேயே நிறுத்தி ஆறு நாள் வரை தனிமையில் வைக்கச் சட்டத்தில் இடமுண்டு.

எதற்கு இவ்வளவு கண்டிப்பு என்று நம்மில் ஒருவர் சலித்துக்கொண்டார். அவருக்கான பதில் நம் தெருவிலேயே இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் மாநகராட்சிப் பணியாளர்கள் வந்து நம் வீட்டுச் சம்ப்பையும் பூந்தொட்டித் தட்டையும் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் திறந்து பார்ப்பது இந்தக் கொசுவின் புழுவைத் தேடித்தான். கொசு இங்கே தயாராக இருக்கிறது, வைரஸ் மட்டும்தான் இன்னும் வரவில்லை. நம் ஜனங்களில் யாருக்கும் அதற்கு எதிர்ப்புச் சக்தியும் கிடையாது. ஒரே ஒருவர் அந்த வைரஸை உடம்பில் சுமந்துகொண்டு பாலவாக்கம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஊசி நமக்காக மட்டும் போட்டுக்கொள்வது இல்லை. நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்காவுக்கும் குப்பத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

ஊசி போடும் இடம் நமக்குப் பக்கம்தான். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கர்னல் கிங் என்பவரின் பெயரில் 1899-இல் தொடங்கிய நிறுவனம். பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக வேண்டும், முன்பதிவும் விசாரித்துவிட்டுப் போக வேண்டும், நினைத்த நாளில் போய்க் கையை நீட்ட முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதனால் கிளம்புவதற்கு முந்தைய வாரம் போனால் பயனில்லை. முன்பு பத்து வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டியிருந்தது. 2016 ஜூலையிலிருந்து ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் விதியை மாற்றிவிட்டது. முன்பு ஆப்பிரிக்கா போய்வந்தவர்கள் அப்போது ஊசிக்குச் சான்றிதழாகக் கொடுத்த மஞ்சள் அட்டையைத் தேடி எடுத்தால் போதும்.

இந்த ஊசியிலும் மறைக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸால் செய்த தடுப்பூசி. 60 வயது தாண்டியவர்களுக்கு அபூர்வமாகக் கடுமையான பக்கவிளைவு வரலாம். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள் எல்லாம் முதலில் தங்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். குழுவில் 60 தாண்டியவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மூட்டுவலிக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதில் சில மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை. தயவுசெய்து ஊசி போடுமிடத்தில் மறைக்காதீர்கள்.

மலேரியாவை நாம் லேசாக எடுத்துக்கொள்கிறோம். சென்னையில் நாம் பார்த்துப் பழகிய மலேரியா பெரும்பாலும் விவாக்ஸ் வகை. படுத்தி எடுக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது. ஆப்பிரிக்காவில் அதிகம் இருப்பது ஃபால்சிபாரம். அது மூளையைத் தாக்கும், சில நாளில் ஆளையே கொண்டுபோய்விடும். மாராவுக்குப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும். எந்த மாத்திரை என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். கிளம்பும் முன்பே தொடங்க வேண்டும். திரும்பி வந்த பிறகும், மருந்தைப் பொறுத்து ஒரு வாரம் முதல் நான்கு வாரம் வரை தொடர வேண்டும். ஊர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வந்து சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கென்யா போய்வந்ததைச் சொல்லுங்கள்.

இனி நம் மாத்திரைப் பைகள். நம்மில் பலர் மாத்திரையை அட்டையோடு வாங்குவதில்லை. "பத்துல நாலு வெட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் பழகிவிட்டோம். நானே கத்தரியை எடுத்து எத்தனையோ அட்டைகளை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் ஒரு பக்கமும் காலாவதி தேதி இன்னொரு பக்கமும் போய்விடும். கையில் மிஞ்சுவது வெள்ளியும் வட்டமும்தான். சுங்கத்தில் ஒருவர் எடுத்துப் பார்த்தால் அது என்ன என்று நீங்களே சொல்ல முடியாது. மாராவில் டாக்டர் கேட்டாலும் அதே கதை. இந்த முறை முழு அட்டையாக, பில்லோடு, டாக்டர் சீட்டோடு வாங்குங்கள். பிராண்டு பெயர் அங்கே தெரியாது, மூலப்பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைப் பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் அடியில் அனுப்பாதீர்கள், அங்கே உறைந்து கெட்டுப்போகலாம். கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போடுவதையும் ஒளித்துச் செய்ய வேண்டாம். பக்கத்தில் இருப்பவருக்கு அந்தப் பேனாவை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக்கொடுங்கள்.

பயணக் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்கும் கட்டத்தில் 'இல்லை' என்று டிக் போடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சமாகும், ஆபத்து வரும்போது பணமே வராமல் போகும். மாராவிலிருந்து ஒருவரை நைரோபி ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுவரச் சின்ன விமானம்தான் வழி. 1957-இல் நைரோபியில் தொடங்கிய ஆம்ரெஃப் அமைப்பின் பறக்கும் மருத்துவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். நாம் எடுக்கும் காப்பீட்டில் அவசர விமானச் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பெண்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை, ஆண்களும் படிக்கலாம். ஜீப்பில் விடியற்காலை கிளம்பினால் மணிக்கணக்கில் இறங்க முடியாது. சிங்கம் இருக்கும் காட்டில் கண்ட இடத்தில் கதவைத் திறக்க விடமாட்டார்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, மூன்றாம் நாள் சிறுநீர்த் தொற்றோடு ஜுரத்தில் படுத்துவிடுகிறோம். வெட்கப்படாமல் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துவார். அவருக்கு இது தினசரி விஷயம். முதுகுவலி உள்ளவர்களும் இப்போதே சொல்லுங்கள். நைரோபியிலிருந்து நாரோக் வழியாகச் சாலையில் போனால் ஐந்தாறு மணி நேரம், கடைசிப் பகுதி குலுக்கி எடுக்கும். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் போனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கும் துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டிக்கு அங்கே இடமில்லை.

அடுத்தது பணம். நம் குழுவில் யாரும் வாய் திறக்காத விஷயம் இதுதான். ஆகஸ்டில் போக வேண்டும், லட்சக்கணக்கான வைல்ட்பீஸ்ட்டும் வரிக்குதிரையும் மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று சிலர் உற்சாகமாகப் பேசினார்கள். மற்றவர்கள் தலையாட்டினோம். தலையாட்டியவர்களில் இரண்டொருவர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மாரா காப்பகத்துக்கு வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். மூன்று நாளுக்கு 300 டாலர் வித்தியாசம். உச்ச மாதங்களில் தங்குமிட வாடகையும் ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரை நம்மில் சிலர் கடல் ஆமை முட்டைகளைக் காக்க இரவு நடைக்குப் போகும் காலம், அதை விட்டுவிட்டு வரமாட்டார்கள், வரவும் கூடாது. ஏப்ரல், மே அங்கே பெருமழை. ஜூனில் போகலாம் என்பது என் யோசனை. ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்காது. ஆனால் சிங்கம், யானை, சிறுத்தை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் வருடம் முழுக்க அங்கேயே இருப்பவை. மழை ஓய்ந்த பச்சைப் புல்வெளி இருக்கும், வண்டிக் கூட்டம் குறைவாக இருக்கும். ஜூனில் பிள்ளைகளின் பள்ளித் திறப்பு இருக்கிறது, முடியாது என்பவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஒரு ஏற்பாடு சொல்கிறேன். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல், தன்னால் மனக்கஷ்டம் இல்லாமல் செலவழிக்க முடிந்த மொத்தத் தொகையை எழுதிப் போடுவோம். அதில் குறைந்த தொகை எதுவோ அதற்குள் பயணத்தை அடக்குவோம். அடக்க முடியாவிட்டால் இன்னொரு வருடம் பணம் சேர்த்துவிட்டுப் போவோம். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. பணம் கட்டும்போதும் எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் தன் கணக்கிலிருந்து கட்ட வேண்டாம். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். அது கட்டியவரின் பான் எண்ணில் ஏறும், வருமான வரித் தாக்கலில் அவர்தான் அதைத் திரும்பக் கேட்க முடியும். அவரவர் பான் எண்ணில் அவரவர் கட்டினால் பிறகு சங்கடம் வராது.

மூட்டை கட்டுவதில் மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், இரண்டு விஷயம் மட்டும். நைரோபி ஏற்காட்டைவிட உயரத்தில் இருக்கிறது. பூமத்தியரேகைக்குப் பக்கம், ஆப்பிரிக்கா, வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டை மட்டும் எடுத்தால் விடியற்காலை ஜீப்பில் நடுங்குவோம், ஸ்வெட்டர் வேண்டும். இரண்டாவது, பிளாஸ்டிக் கவர். கென்யா 2017 ஆகஸ்ட் 28 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்தது, அபராதம் 40 லட்சம் ஷில்லிங் வரை, சிறை நான்கு ஆண்டு வரை. 2020 ஜூன் 5 முதல் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில், குவளை எதுவும் கூடாது. பருப்புப் பொடியையும் புளிக்காய்ச்சலையும் கேரி பேக்கில் சுற்றிச் சுற்றி வைக்கும் கை நமக்கு. நம் அரசும் 2019 ஜனவரியில் தடை போட்டது, மஞ்சப்பையை மீண்டும் கையில் கொடுத்தது. இங்கே கடைப்பிடிக்காததை அங்கேயாவது கடைப்பிடிப்போம். எவர்சில்வர் டப்பா, துணிப்பை, ஸ்டீல் தண்ணீர் பாட்டில்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். சப்பாத்தி கென்யாக்காரர்களின் அன்றாட உணவு. அது அங்கே போன கதையைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1896-இல் மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிக்கு ஆங்கிலேயர்கள் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். அதற்கு இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, 30,000-க்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயிலும் விபத்திலும் செத்தார்கள். 1898-இல் சாவோ ஆற்றுப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் இரவில் கூடாரங்களிலிருந்து ஆட்களை இழுத்துப் போயின. பாதை 1901-இல் ஏரிக்கரையை எட்டியது. வேலை முடிந்து தங்கிவிட்டவர்களும் பிழைப்புத் தேடிப் பின்னால் போன குஜராத்திகளும் சேர்ந்துதான் இன்றைய கென்ய இந்தியர்கள். 2017-இல் கென்ய அரசு அவர்களைத் தன் 44-வது இனக்குழுவாக ஏற்றுக்கொண்டது. நைரோபி ரயில்வே அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிங்கத்தைக் கண்டு நாம் சிலிர்க்கும் நாட்டில், சிங்கத்துக்குப் பயந்து இரவெல்லாம் விழித்திருந்து பாதை போட்டவர்கள் நம் நாட்டுக்காரர்கள்.

கடைசியாக, நாம் அங்கே நடந்துகொள்ள வேண்டிய விதம். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இரவில் நடந்து முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள், அந்தப் பாதையில் நம் பாலவாக்கம் கரையும் இருக்கிறது. முட்டையிட வந்த பங்குனி ஆமையின் முகத்தில் டார்ச் அடித்து செல்ஃபி எடுக்கும் கூட்டத்தோடு நம்மில் சிலர் சண்டை போட்டதுண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது நாம் பட்ட வேதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே 2025-இல், ஆறு கடக்கும் வைல்ட்பீஸ்ட் கூட்டத்தைச் சுற்றுலாப் பயணிகள் வண்டியிலிருந்து இறங்கிக் கரையில் நின்று வழிமறித்த காணொளிகள் உலகம் முழுக்கச் சுற்றின. மிரண்ட விலங்குகள் முதலை இருக்கும் பக்கமாகத் திரும்பி ஓடின. நம் கரையில் நாம் யாரைத் திட்டினோமோ அந்த ஆளாக அங்கே போய் நாம் நிற்கக் கூடாது. ஓட்டுநரிடம் "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்று ஒருவரும் கேட்க வேண்டாம், அதற்காகக் கையில் காசு திணிக்கவும் வேண்டாம். நாம் கேட்டால் அவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கலாம், அபராதம் விழுவதும் வேலை போவதும் அவருக்குத்தான். படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

வரும் ஞாயிறு காலை நடை முடிந்ததும் என் வீட்டு மாடிக்கு வாருங்கள். காபி, இட்லி என் பொறுப்பு. வரும்போது கொண்டுவர வேண்டியவை: பாஸ்போர்ட், ஆதார், பான் மூன்றின் நகல், இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் சீட்டு, பழைய மஞ்சள் அட்டை இருந்தால் அது. துண்டுச் சீட்டும் பேனாவும் நான் வைக்கிறேன். வர மனமில்லாதவர்கள், இந்தப் பயணமே வேண்டாம் என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால் அதையும் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிடுங்கள். கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு எத்தனை பேர் போகிறோம் என்று மறுநாள் விசாரித்தாக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் நடைத்தோழி
பாலவாக்கம்